பசியில் மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள்

காலைச் சாப்பாட்டை விட்டால் மாதத்துக்கு எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் பார்க்கிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது அவர்களுடைய படத்தைப் போட்டுச் சந்தியில் பதாகை கட்டினோம். பாடசாலையில் மாலை போட்டோம். கோவிலில் அர்ச்சனை செய்தோம், தேவாலயத்தில் பெயர் சொல்லிச் செபித்தோம். முதலாம் வருடம் பாதி போவதற்குள் அதே பிள்ளை கன்டீன் வாசலில் நின்று, ரோல்ஸ் வாங்குவதா, பிளேன்ரீயோடு நிறுத்திக்கொள்வதா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. அதைக் கேள்விப்பட்டு, "நல்ல பிள்ளை, சிக்கனமாக இருக்கப் பழகிவிட்டது" என்று மெச்சுகிறோம். அப்படி மெச்சுவது பிழை. வளர்ந்தவர்கள் செய்யவேண்டிய கடமையைப் பிள்ளையின் வயிற்றில் இறக்கிவைத்துவிட்டு, அதற்கு நற்பண்பு என்று பெயர் சூட்டுகிற பெரும் பிழை.

சிக்கனத்துக்கு எதிராக இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. தோட்டக்காணியில் தண்ணீரைக்கூட அளந்து பாய்ச்சிய மண் இது. பனம்பழத்தைப் பினாட்டாக்கியும் கிழங்கை ஒடியலாக்கியும் மாரிக்கு எடுத்துவைத்த வீடுகள் இவை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நாளில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்களியால் உடுப்புத் தோய்த்தார்கள். சிக்கனம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளை படிப்பதற்காக யார் மிச்சம் பிடித்தார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும்.

பிடியரிசி என்ற வழக்கத்தை மூத்தவர்கள் அறிவார்கள். உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி வேறொரு முட்டியில் போட்டுவைப்பார் வீட்டுப் பெண். வேளைக்கு ஒரு பிடி. முட்டி நிரம்பினால் அது வீட்டுக்குரியதல்ல, பொதுக் காரியத்துக்குரியது. அமெரிக்க மிஷன் சபைகளைச் சேர்ந்த பெண்கள் ஊழியத்துக்கும் கல்விக்குமாக அப்படிச் சேர்த்தார்கள். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரின் பணிக்கும் சைவ வீடுகளின் பிடியரிசியும் நன்கொடையும் கைகொடுத்தன. சமயத்தால் எதிரெதிரே நின்றவர்கள் இந்த ஒன்றில் ஒரே வழியில் நடந்தார்கள். பெரியவர்களின் சோற்றிலிருந்து ஒரு பிடி குறைந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சோற்றில் எவரும் கைவைக்கவில்லை.

எங்கள் ஊரின் கதையே அதற்குச் சாட்சி. 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவ மிஷனரி பண்டத்தரிப்பில் வந்து தங்கினார். வைத்தியத்தோடு பள்ளிக்கூடமும் நடந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் போலவே இங்கும் விடுதிப் பாடசாலை இருந்தது. சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் அங்கே கிடைத்தன. அந்தச் செலவின் ஒரு பங்கை, இந்த ஊரை ஒருநாளும் பார்த்திராத அமெரிக்கச் சபையார் சில்லறையாகச் சேர்த்து அனுப்பினார்கள். பணம் அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. அந்தப் பாடசாலைகளில் படித்தவர்களுள் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் ஒருவர். வட்டுக்கோட்டையில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானவர் அவர். அந்த உதவிக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அதை எதிர்த்தவர்கள் பிள்ளைகளைப் பட்டினி போட்டு எதிர்க்கவில்லை. தாங்களும் பள்ளிக்கூடம் கட்டித்தான் எதிர்த்தார்கள். பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் 1974 இல் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது. இன்று எங்கள் பிள்ளைகள் பசியோடு ஏறும் படிகள் ஒருவர் தம் செல்வத்தைக் கொடுத்துக் கட்டியவை.

அருகிலுள்ள மூளாய்க்குப் போனாலும் இதுதான். 1936 இல் ஊரவர் பங்குப் பணம் போட்டுக் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். சிக்கன கடனுதவிச் சங்கம் என்று ஒவ்வொரு கிராமத்திலும் பெயர்ப்பலகை தொங்கிய காலமும் இருந்தது. அந்தப் பெயரில் சிக்கனமும் உதவியும் ஒன்றாக நின்றன. ஒருவர் மிச்சம் பிடித்தால் இன்னொருவருக்கு உதவலாம் என்பதுதான் அந்தச் சங்கங்களின் அடிப்படை. இன்று உதவி போய்விட்டது. சிக்கனம் மட்டும் ஏழைப் பிள்ளைக்குரிய அறிவுரையாக மிஞ்சியிருக்கிறது.

முதலில் அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். 1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. அது இந்த நாட்டின் மிகப் பெரிய நற்செயல். ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லாமல் போவதில்லை. அதை உணர்ந்துதான் 1981 இல் லலித் அத்துலத்முதலி மகாபொல புலமைப்பரிசில் நிதியத்தை அமைத்தார். வர்த்தகக் கண்காட்சிகளிலும் லொத்தரிலும் கிடைத்த பணத்தில் ஏழை மாணவர் படித்தார்கள். 2022 இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம், உணவுக்கு மட்டும் ஏறத்தாழ 95 வீதம். அரிசியும் பாணும் பருப்பும் இரட்டிப்பு விலைக்குப் போனபோது மகாபொல மாதம் 5,000 ரூபாவிலேயே நின்றது, நிதியுதவியான பேர்சரி 4,000 ரூபாவிலேயே நின்றது. 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத்திட்டத்தில்தான் அவை 7,500 ஆகவும் 6,500 ஆகவும் உயர்ந்தன.

உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனால் 2025 இல் கிடைத்த அந்த மாதம் 7,500 ரூபா என்றால் நாளுக்கு 250 ரூபா. மத்தியானச் சோத்துப் பார்சலோடு அந்தக் காசு முடிந்துவிட்டது. காலையும் இரவும் அறை வாடகையும் பஸ்ஸும் நகல் எடுக்கும் செலவும் வேறு எங்கிருந்தோ வரவேண்டும். அந்த வேறு இடம் பெரும்பாலும் அடைவுகடையில் கிடக்கும் ஒரு தாயின் காப்பு. விலை ஏறியபோது உதவித்தொகையை ஏற்றாமல் விட்ட அந்த ஆண்டுகளில் அரசாங்கம் மிச்சம் பிடித்த காசு மாணவரின் வயிற்றிலிருந்து எடுத்த காசு. நாடு வங்குரோத்து என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம், நியாயமாகாது. இப்போதும் தவணைகள் பிந்திப் போகின்றன. பிந்துகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளை கைமாத்து வாங்குகிறது.

பண்டத்தரிப்புச் சந்தியில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அறை எடுத்துத் தங்க வசதியில்லை, அதனால் வீட்டிலிருந்தே திருநெல்வேலிக்குப் போய் வருகிறாள். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சீசன் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள். மாணவருக்குக் கிடைக்கும் உண்மையான சலுகைகளில் அது ஒன்று. மாதகல் பக்கமிருந்து தனியார் பஸ் ஒன்று வருகிறது. அதில் சீசன் செல்லாது. ஏறினால் நேரத்துக்கு விரிவுரைக்குப் போகலாம், ஆனால் கையிலுள்ள காசு போகும். நின்றால் காசு மிஞ்சும், விரிவுரை தவறும். புத்தகப் பையில் சாப்பாட்டுப் பெட்டி. நேற்றைய புட்டும் சம்பலும். பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், நகலெடுத்த குறிப்புகள், ஒரு சின்னக் கணக்குக் கொப்பி. கொப்பியில் திகதிவாரியாக எழுதியிருக்கிறாள்: பஸ், நகல், டேட்டா, பேனை. சாப்பாட்டுக்கென்று ஒரு நிரலும் இருக்கிறது. மாதக் கடைசி நெருங்க நெருங்க அந்த நிரலில் கோடுதான் விழுகிறது. மற்ற நிரல்களைக் குறைக்க முடியாது. நகல் எடுக்காவிட்டால் பரீட்சை இல்லை, டேட்டா போடாவிட்டால் ஒப்படை அனுப்ப முடியாது. குறைக்கக்கூடியது ஒன்றுதான் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கொப்பியை இந்த ஊரின் பெரியவர்கள் எல்லோரும் ஒருமுறை வாசிக்கவேண்டும்.

அவளைப் போன்றவர்களிடமிருந்தும் காசு கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களில் 'பட்ச்' என்ற பெயரில் நடக்கும் வசூல் ஒரு கொடுமை. பட்ச் ரீசேர்ட், பட்ச் ட்ரிப், வரவேற்பு விழா, பிரியாவிடை, சிரேஷ்ட மாணவருக்குப் பரிசு, விரிவுரையாளரின் பிறந்தநாளுக்குக் கேக் என்று ஏதோ ஒன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று போன் குழுவில் செய்தி வருகிறது. கொடுத்தவர் பெயருக்கு எதிரே சரி அடையாளம் விழுகிறது. கொடுக்காதவர் பெயர் எல்லோரும் பார்க்கும்படி வெறுமையாகக் கிடக்கிறது. 'கட்டாயமில்லை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி பொய் என்று அனுப்பியவருக்கும் தெரியும், வாசித்தவருக்கும் தெரியும். பகிடிவதையைத் தடுக்க 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெட்கத்தைக் காட்டிப் பணம் பறிப்பதை அந்தச் சட்டம் எட்டுகிறதோ இல்லையோ, அறம் எட்டுகிறது. இல்லை என்று சொல்லமுடியாத ஒருவரிடம் பெறும் காசு களவுக் காசு. அதில் வெட்டும் கேக்கை விரிவுரையாளர் ஏற்கக்கூடாது. ஏற்றால் அந்தக் களவில் அவருக்கும் பங்குண்டு.

மாணவரையும் தப்பவிட முடியாது. வீட்டில் தாய் காப்பை அடைவு வைத்திருக்க, தவணை முறையில் விலைகூடிய போன் வாங்குகிறவன் தன் தாய்க்குத் துரோகம் செய்கிறான். மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுத்து, மாதத் தவணைக்குத் தகப்பனின் தோட்டத்து வெங்காயத்தை எதிர்பார்த்திருக்கிறவனும் அப்படித்தான். போனிலேயே கடன் கொடுக்கும் செயலிகளை நம்பி, ஒன்றை அடைக்க இன்னொன்றில் எடுக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்படும்போது நெஞ்சு பதறுகிறது. நாலு பேரைச் சேர்த்துவிட்டால் காசு தானாக வரும் என்று கம்பஸ் நண்பனே வந்து கதைப்பான். அது பிரமிட் திட்டம். 1988 ஆம் ஆண்டின் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் அதில் ஆள் சேர்ப்பதே குற்றம். இழந்த காசை விட, சேர்த்துவிட்ட நண்பர்களின் முகத்தில் விழிக்கமுடியாமல் போவதுதான் அதில் பெரிய நட்டம்.

செய்யத்தக்க சிக்கனம் உண்டு, அதைக் கூச்சமின்றிச் செய்யுங்கள். கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ அறை எடுத்திருக்கிற நாலு பேர் கூட்டாகச் சமைத்தால் செலவு பாதியாகும். ஒரு பானைச் சோறு, ஒரு பருப்பு, ஒரு முருங்கையிலை வறை போதும், அதில் பட்டினியில்லை. ஊரிலிருந்து வரும்போது அரிசி, தேங்காய், மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம். யாழ்ப்பாணத்துத் தரை மட்டமானது. சைக்கிளில் போனால் பஸ்காசும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். மூத்தவரின் குறிப்புகளும் புத்தகங்களும் அடுத்த வருடத்தவருக்குக் கைமாறினால் நகல் கடைக்குப் போகும் காசு குறையும். நாலைந்து நம்பிக்கையான தோழிகள் சின்னதாகச் சீட்டுப் பிடித்தால் மடிகணினி திருத்தும் செலவு வரும்போது வட்டிக்கு ஓடவேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் ஒரே அளவுகோல்தான்: வீண்செலவில் பிடித்த மிச்சமா, உடம்பில் பிடித்த மிச்சமா? உடம்பில் பிடித்தால் பின்னால் வைத்தியசாலையில் வட்டியோடு கட்டவேண்டிவரும். இரத்தச்சோகையோடு நாலு வருடம் படித்து எடுத்த பட்டத்தைப் பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை கம்பஸில் முதலாம் வருடம். தங்கைக்குச் சாமத்தியவீடு. மண்டபம், வீடியோ, ஆலாத்திக்கு வாடகைத் தட்டங்கள், ஊர் முழுக்கச் சாப்பாடு. கடன்பட்டு நடத்துகிறார்கள். 'ஊர் என்ன சொல்லும்' என்கிறார்கள். மூத்த பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று ஊருக்குத் தெரியாது, அதனால் ஊர் ஒன்றும் சொல்வதில்லை. ஊரின் வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளைக்கு விழா எடுத்து, மற்றப் பிள்ளையைப் பட்டினி போடும் குடும்பம் தன் பிள்ளைகளுக்கு நீதி செய்யவில்லை. அந்த விழாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவந்து, மண்டபம் சிறிது என்று குறை சொன்ன நாமும் நீதி செய்யவில்லை.

இனி, காசு உள்ளவர்களிடம் வருவோம். பண்டத்தரிப்பின் பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் இருக்கிறார்கள். குளிரில் நின்று உழைத்து அனுப்பும் காசுதான் இந்த ஊரைப் போருக்குப் பின் நிமிர்த்தியது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் மூட்டைமுடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, கையில் ஒன்றுமில்லாமல் நின்ற குடும்பங்களை வெளிநாட்டு உறவுகளின் காசுதான் காப்பாற்றியது. அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். நன்றியோடுதான் கேட்கிறோம்: அந்தக் காசு இப்போது எங்கே போகிறது? வீதி முகப்பில் வரவேற்பு வளைவு. ஏற்கனவே நல்ல நிலையிலிருந்த மதிலை இடித்துப் புது மதில். நாலு நாள் விளையாட்டுப் போட்டிக்கு வாணவேடிக்கை. கோவிலுக்கு இன்னொரு கோபுரம், தேவாலயத்துக்கு இன்னொரு சுருவக்கூடு. கடவுளுக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. வீதியால் தேர் வரும்போது, வடம் பிடிக்கிற பிள்ளை காலையில் சாப்பிட்டானா என்று கேட்காத ஊரின் காணிக்கையைக் கடவுள் எப்படி வாங்குவார் என்பதுதான் எங்கள் கேள்வி.

மாதாமாதம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிற பழைய மாணவர் சங்கங்களும் தனிமனிதர்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். சத்தமில்லாமல் செய்கிறார்கள், அதனால் அவர்கள் அதிகம் வெளியே தெரிவதில்லை. அவர்கள்தான் பிடியரிசி முட்டியின் இன்றைய வாரிசுகள். மற்றவர்கள் அந்த வரிசைக்கு வரவேண்டும். ஒரு வளைவுக்கு ஆகும் செலவில் எத்தனை பிள்ளைகள் பட்டம் முடிக்கும்வரை மூன்று வேளை சாப்பிடலாம் என்று சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டட்டும். கணக்கைப் பார்த்த பிறகும் வளைவுதான் வேண்டும் என்று கைதூக்குகிறவர்களின் பெயர்களைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைக்கட்டும்.

எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று எப்படி அறிவது என்று கேட்பவர்கள் உண்டு. வலிகாமம் தென்மேற்கில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று கிராம அலுவலருக்குத் தெரியும், பாடசாலை அதிபருக்குத் தெரியும், குருக்களுக்கும் பங்குத்தந்தைக்கும் தெரியும். நாலு பேரும் ஒருநாள் இருந்து கதைத்தால் பட்டியல் தயாராகிவிடும். மகாபொல பிந்துகிற மாதங்களில் வட்டியில்லாக் கடனாகவாவது ஒரு தொகை கொடுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வரலாம். தவணை வந்ததும் பிள்ளை திருப்பிக் கட்டும்.

கொடுக்கும்போது ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மேடை போட்டு, பதாகை கட்டி, காசோலையைப் பெரிதாக அச்சிட்டு, பிள்ளையின் கையில் ஒரு முனையைக் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்தப் படத்தை அவளுடைய வகுப்பு முழுவதும் பார்க்கும். அதற்குப் பிறகு தேவை இருந்தாலும் அவள் வரமாட்டாள், அவளுக்குப் பின்னால் வரவேண்டியவர்களும் வரமாட்டார்கள். வங்கிக் கணக்கு இலக்கத்தை வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதிக்கு முன் பணம் கணக்கில் விழட்டும். யார் அனுப்பினார் என்று அவளுக்குத் தெரியவும் வேண்டாம்.